பியானோக்காவும் ஆள்சேர்ப்புப் பாட்டும்

என் அக்காவுக்கு வாய் நீளம். விரல் அதைவிட நீளம். கடைத்தெருவில் இருந்த பெரிய இசைக்கடையில், கண்ணாடி ஜன்னலை ஒட்டிப் போட்டிருந்த பியானோவில் உட்கார்ந்து பாட்டுகளை வாசித்துக் காட்டுவதுதான் அவள் வேலை. அந்த வேலைக்கு ஒழுங்கான பெயர் ஒன்று இருந்ததா என்று எனக்குத் தெரியாது. ஊரே அவளைப் பியானோக்கா என்று கூப்பிட்டது. அவளைவிட இருபது வயது மூத்த எங்கள் கடை முதலாளியும் அப்படித்தான் கூப்பிட்டார்.

அப்போதெல்லாம் பாட்டு தாளில் விற்ற சரக்கு. வீட்டில் ஒரு பியானோவோ ஆர்மோனியமோ வைத்திருப்பவர்கள், புதுப் பாட்டு வந்தால் அதன் இசைத்தாளை வாங்கிப்போய்த் தாங்களே வாசித்துப் பாடிக்கொள்வார்கள். நான்கே பக்கம். மேலே வண்ண அட்டை, உள்ளே கோடும் புள்ளியுமாக மெட்டு, மெட்டுக்கு அடியில் வரிகள். வாங்க வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அந்தப் புள்ளிகளைப் பார்த்தால் பாட்டு எப்படி இருக்கும் என்று விளங்காது. தாளை எடுத்து அக்காவிடம் நீட்டுவார்கள். அவள் வாசித்துப் பாடிக் காட்டுவாள். பிடித்தால் பணம், பிடிக்காவிட்டால் அடுத்த தாள்.

இதில் ஒரு தில்லுமுல்லு உண்டு. தாளில் அச்சடித்திருப்பது வீட்டுக்காரர்களுக்கான எளிய வாசிப்பு. அக்கா வாசிப்பது அது இல்லை. இடது கையில் இல்லாத சுரங்களை எல்லாம் சேர்த்து, பெடலை மிதித்து, நடுவில் ஓர் ஓட்டம் ஓடிவிட்டு வருவாள். கடையில் கேட்டவர்கள் சொக்கிப்போய் வாங்கிப் போவார்கள். வீட்டில் போய் வாசித்தால் அந்தச் சத்தம் வராது. ஒருமுறை பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியரின் மனைவி தாளைத் திருப்பிக் கொண்டுவந்து நின்றார்.

"நீ வாசிச்சப்போ மழை கொட்டுற மாதிரி இருந்துச்சு. வீட்ல வாசிச்சா குழாய் சொட்டுது. இது வேற பாட்டு போல இருக்கே?"

"தாள மாத்தித் தரலாம்மா. கைய எப்படி மாத்தித் தர்றது?" என்றாள் அக்கா.

முதலாளி உள்ளே ஓடிப் போய்ச் சிரித்துவிட்டு வந்தார். அந்த அம்மா கோபித்துக்கொண்டு போய், அடுத்த வாரமே இன்னொரு தாள் வாங்க வந்தார். அக்காவிடம் கோபித்துக்கொள்வது எல்லோருக்கும் எளிது. கோபத்தைக் காப்பாற்றுவதுதான் கஷ்டம்.

வீட்டில் நாங்கள் இரண்டே பேர். அம்மாவும் அப்பாவும் ஒருவர் பின் ஒருவராகப் போய்ச் சேர்ந்தபோது எனக்கு அரைக்கால் சட்டை வயது. அக்காதான் என்னை ஆளாக்கினாள். கல்யாணப் பேச்சு எடுத்தவர்களை எல்லாம் ஏதாவது ஒரு காரணம் சொல்லித் திருப்பி அனுப்பினாள். ஒரு மாப்பிள்ளை மேஜையில் விரலால் தாளம் போட்டாராம், அது ஒழுங்காக நிற்கவில்லையாம். உண்மையான காரணம் நான்தான் என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அதை நாங்கள் ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை.

பிறகு போர் வந்தது. போரோடு போர்ப்பாட்டுகளும் வந்தன.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. கடை முதலாளிக்கே சொந்தமான, பாட்டுத்தாள்களை அச்சடிக்கும் அச்சகத்தில்தான் எனக்கு வேலை. போருக்கு முன்னால் நாங்கள் அச்சடித்ததெல்லாம் நிலவும் ரோஜாவும் பிரிவுமாக இருக்கும். திடீரென்று அட்டை முழுவதும் கொடி, துப்பாக்கி, கையசைக்கும் சிப்பாய். அந்தச் சிப்பாய்க்கு எங்கள் அச்சகத்தில் சிவப்பு மை எப்போதும் கொஞ்சம் தூக்கலாக விழும். கன்னம் இரண்டும் பழுத்த தக்காளிபோல இருக்கும். போர்முனையில் அப்படி ஆரோக்கியமாக எவனும் இருந்திருக்க மாட்டான். ஆனாலும் அந்த ஈரத்தாள்களைக் கொடிக்கயிற்றில் தொங்கவிட்டுக் காயவைக்கும்போது, நாலாபக்கமும் நூறு சிப்பாய்கள் என்னைப் பார்த்துக் கையசைப்பார்கள். எனக்கு உள்ளுக்குள் என்னவோ செய்யும்.

எல்லாப் பாட்டுகளையும் தூக்கிச் சாப்பிட்ட பாட்டு ஒன்று உண்டு. 'வாசல் தாண்டி வா, வீரனே வா, காத்திருக்கு நாடு, கைகொடுக்க வா' என்று அதன் பல்லவி. வரிகளைப் பார்த்தால் பள்ளிக்கூடத்துப் பையன் வீட்டுப்பாடம் எழுதின மாதிரி இருக்கும். அக்கா முதல்முறை வாசித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"மூணே சுரத்த வெச்சுக்கிட்டு ஊர ஏமாத்தப் பாக்குறான். ஆனா பாரேன், ஏமாத்திடுவான்" என்றாள்.

ஏமாற்றிவிட்டான். தெருவில் நடந்தால் நாலு வீட்டு ஜன்னலிலிருந்து அதே பாட்டு, நாலு விதத் தப்போடு வந்தது. எங்கள் அச்சகம் இராப்பகலாக ஓடியது. முதலாளி புதுச் சட்டை தைத்துக்கொண்டார்.

அந்தப் பாட்டுக்கு இன்னொரு உபயோகமும் இருந்தது. சனிக்கிழமை சாயங்காலங்களில் நகர மண்டபத்தில் ஆள்சேர்ப்புக் கூட்டம் நடக்கும். முதலில் பேச்சு, பிறகு பாட்டு. கடைசிப் பாட்டு இதுதான். மேடையின் ஓரத்தில் மேஜை போட்டுப் பட்டாளத்துக் கேப்டன் உட்கார்ந்திருப்பார். பாட்டைக் கேட்டு மனம் பொங்குகிற இளவட்டங்கள் மேடையேறி அவரிடம் பெயர் கொடுக்க வேண்டும். பெயர் கொடுத்தவனுக்கு மார்பில் ஒரு ரிப்பன் குத்துவார்கள், கையில் அந்தப் பாட்டின் தாள் ஒன்று இலவசம். திங்கட்கிழமை காலையில் பட்டாள அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. வாசலில் நின்று எங்கள் முதலாளி மற்றவர்களுக்குத் தாள் விற்பார். அதற்காகவே அக்காவை வாரா வாரம் மண்டபத்துக்கு அனுப்பினார்.

தாளில் பல்லவிக்கு மேலே 'வேண்டியமட்டும் திரும்ப வாசிக்கவும்' என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும். மேடைப் படியில் ஆள் ஏறிக்கொண்டிருக்கும்வரை பல்லவி நிற்கக்கூடாது என்று அதற்கு அர்த்தம். அக்கா அதோடு நிற்கவில்லை. ஒவ்வொரு முறை திரும்பும்போதும் சுருதியை அரைச் சுரம் ஏற்றுவாள். இது தாளில் கிடையாது, அவளுடைய சொந்தச் சரக்கு. கேட்கிறவனுக்குச் சுருதி ஏறியது தெரியாது. தன் நெஞ்சுதான் ஏறுகிறது என்று நினைத்துக்கொள்வான். அடுத்த சுற்றில் இன்னும் கொஞ்சம். ஐந்தாவது சுற்றில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு நாற்காலி சுடும்.

"நான் வாசிச்சா தூணு கூட எழுந்து நடக்கும்" என்று வீட்டில் பெருமை அடித்துக்கொள்வாள். கேப்டன் அவளை 'என் பாதிப் பட்டாளம்' என்று பாராட்டினார். அதைச் சொல்லிச் சொல்லி என் காதைத் துளைத்தாள்.

ஆனால் என்னை மட்டும் அந்தக் கூட்டத்துக்கு வரவிடமாட்டாள். "அங்க கூட்டம் நெரியும், மூச்சு முட்டும், நீ வராதே" என்பாள். ஒரு சனிக்கிழமை சமையலறைக் குழாய் ஒழுகுகிறது, இருந்து பார்த்துக்கொள் என்றாள். இன்னொரு சனிக்கிழமை தலைவலித் தைலம் தேடச் சொன்னாள். தைலம் அவள் கைப்பையிலேயே இருந்தது. தன் கைப்பக்குவம் எப்படிப்பட்டது என்று அவளுக்குத் தெரியும். ஊருக்கெல்லாம் பரிமாறினாள், எனக்கு மட்டும் தட்டுப் போடவில்லை. நான் பட்டாளத்துக்குப் போய்விடக்கூடாது என்பதுதான் அந்தப் போர்க்காலம் முழுவதும் அவள் மனத்தில் இருந்த ஒரே கவலை. அதை வாய்விட்டுச் சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்திருக்க வேண்டும். மற்ற வீட்டுப் பிள்ளைகளைப் பாட்டுப் பாடி அனுப்புகிறவள் எந்த முகத்தோடு சொல்வாள்?

நானும் விடுவேனா? ஒரு சனிக்கிழமை அச்சகத்துக் கூட்டாளிகளோடு நேரே மண்டபத்துக்குப் போய் நடுவரிசையில் உட்கார்ந்துவிட்டேன். எனக்குப் பக்கத்தில் எங்கள் பின்தெரு டெய்லரம்மாவின் மகன். ஆள் கதவு நிலை இடிக்கிற உயரம், அதனால் நெட்டை என்று பெயர். நானும் அவனும் சின்ன வயதிலிருந்து ஒன்றாகச் சுற்றியவர்கள். அவன் அம்மாவும் வந்திருந்தார். பெண்கள் பகுதியில், பின்னால் உட்கார்ந்திருந்தார்.

கடைசிப் பாட்டு தொடங்கியது. கடையில் ஆயிரம் தடவை கேட்ட பாட்டு, நானே அச்சடித்துக் காயவைத்த பாட்டு, எல்லாம் உண்மைதான். மண்டபத்தில் கேட்டபோது அது வேறாக இருந்தது. முதல் சுற்றில் இரண்டு பேர் எழுந்தார்கள். இரண்டாவது சுற்றில் கைத்தட்டல் தாளத்தோடு சேர்ந்துகொண்டது. மூன்றாவது சுற்றில் நெட்டை என் தோளை ஒரு அழுத்து அழுத்திவிட்டு எழுந்து போனான். அவன் படியேறும்போது சுருதி ஏறியது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அம்மா ஞாபகம் வந்தது, அப்பா ஞாபகம் வந்தது, நான் பார்த்தே இராத எல்லைக்கோடு எல்லாம் ஞாபகம் வந்தது. எப்போது எழுந்தேன் என்று எனக்குத் தெரியாது. நடைபாதையில் நடந்துகொண்டிருந்தேன். கூட்டாளிகள் விசில் அடித்தார்கள்.

அக்கா தலையை நிமிர்த்தினாள். என்னைப் பார்த்துவிட்டாள்.

கூட்டம் முடிகிற முறை ஒன்று உண்டு. இனி ஏற ஆளில்லை என்றால் கேப்டன் கைக்குட்டையை அசைப்பார். உடனே அக்கா தேசிய கீதத்தை வாசிப்பாள். எல்லோரும் எழுந்து அசையாமல் நிற்பார்கள். அது முடிந்தால் கூட்டம் முடிந்தது, பிறகு எவனும் மேடையேற முடியாது. அன்றைக்குக் கேப்டன் கைக்குட்டையைத் தொடவே இல்லை. பல்லவியின் பாதியில், 'காத்திருக்கு நாடு' என்ற இடத்தில், அக்கா ஒரே தாவாகத் தாவித் தேசிய கீதத்துக்குள் குதித்தாள்.

மண்டபமே விறைத்து நின்றது. கைத்தட்டிய கை கைத்தட்டிய இடத்தில் நின்றது. கேப்டன் பேனாவும் கையுமாகத் துள்ளியெழுந்து சல்யூட் அடித்தார், மூக்கில் மை பட்டது. நான் நடைபாதை நடுவில், ஒரு கால் முன்னாலும் ஒரு கால் பின்னாலுமாக, அடிவைக்கவும் முடியாமல் திரும்பவும் முடியாமல் நட்டுவைத்த கம்பம்போல நின்றேன். தேசிய கீதத்தின்போது நடந்தால் அதைவிடத் தேசத்துரோகம் வேறு உண்டா? அக்காவோ அதை என்றைக்கும் இல்லாத நிதானத்தோடு வாசித்தாள். கிரீடம் சூட்டுகிற மாதிரி ஒவ்வொரு சுரமாக வைத்தாள். முடிந்ததும் பியானோவை மூடிவிட்டாள். திரை இறங்கியது. ஜனம் வாசலை நோக்கி நகர்ந்தது. கேப்டன் அவளைப் பார்த்து வாயைத் திறந்தார், பிறகு மூடிக்கொண்டார். தேசிய கீதத்தை ஏன் வாசித்தாய் என்று எந்தக் கேப்டன் கேட்பார்?

என் கூட்டாளிகள் வீடுவரை சிரித்துக்கொண்டே வந்தார்கள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் நான் வெடித்தேன். "ஊரே என்னப் பாத்துச் சிரிக்குது! நான் என்ன கைக்கொழந்தையா? இனிமே அச்சகத்துல எப்படித் தலைகாட்டுவேன்?"

அக்கா சாப்பாட்டுத் தட்டை எடுத்து வைத்தாள். குரலை உயர்த்தவில்லை.

"ஆமா, உனக்காகத்தான் நிறுத்தினேன். உன்ன எழுப்பினது நான். நிக்க வெச்சதும் நான். இதுல உன் பங்கு என்னடா?"

அவள் சொன்னது உண்மை. அதனால் இன்னும் கோபம் வந்தது. திங்கட்கிழமை நேராக அலுவலகத்துக்கே போகிறேன், எவள் தடுக்கிறாள் பார்க்கலாம் என்று கத்தினேன்.

"போ. நான் குறுக்க நிக்கல. ஆனா பாட்டு இல்லாம போ. காதுல என் சத்தம் இல்லாம, உன் கால்ல நீயே நடந்து போ. அப்படிப் போனா நானே உன் துணிய மடிச்சு வெக்கிறேன்."

இதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ரொம்பவும் தெம்பு இருந்தது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்திருக்கிறாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலை வெயில் ஏறுவதற்குள் டெய்லரம்மா எங்கள் வாசலில் வந்து நின்றார். ரவிக்கையில் குத்தின குண்டூசிகளைக்கூட எடுக்கவில்லை, தைத்துக்கொண்டிருந்த வேலையைப் பாதியில் போட்டுவிட்டு வந்திருக்கிறார். உட்காரச் சொன்னோம். உட்காரவில்லை.

"நேத்து நான் பின்னாடி உக்காந்து எல்லாத்தையும் பாத்தேன்" என்றார். "என் பையன் படியில கால் வெச்சப்போ நீ சுருதிய ஏத்தின. உன் தம்பி எழுந்தப்போ பாட்டையே மாத்திட்ட. ரெண்டுக்கும் நடுவுல ஒரே ஒரு பல்லவிதான் இருந்துச்சு. ஏம்மா, அந்தப் பல்லவிய முன்னாடியே முடிக்க உன் கைக்கு வரலியா?"

அக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இவன் என் தம்பிம்மா" என்றாள் கடைசியில்.

"அப்போ அவன் யாரு?"

"நான் யாரையும் பாத்ததில்லம்மா. மேடையில வெளிச்சம் கண்ணக் கூசும். கீழ வெறும் தலையாத்தான் தெரியும். எத்தன பேர் ஏறுறாங்கன்னு காலடிச் சத்தத்த வெச்சுத்தான் கணக்குப் போடுவேன். இவன் நடைய மட்டும் எனக்குத் தெரியும். அதான் நிமிர்ந்து பாத்தேன்."

"இனிமே பாரு" என்றார் டெய்லரம்மா. அவ்வளவுதான் சொன்னார். திரும்பிப் போய்விட்டார்.

அக்கா அன்று முழுவதும் வீட்டில் இருந்த சாமான்களை எல்லாம் இடம் மாற்றி வைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு அவள்மேல் இருந்த கோபம் போய், பாவமாக இருந்தது.

திங்கட்கிழமை காலையில் நான் தலைவாரிக்கொண்டு கிளம்பினேன். அக்காவும் செருப்பை மாட்டினாள். "உன்னத் தடுக்க வரல. எனக்கு அங்க வேலை இருக்கு" என்றாள். இரண்டு பேரும் தெருவின் இரண்டு ஓரமாக நடந்தோம்.

பட்டாள அலுவலகம் ஒரு பழைய பள்ளிக்கூடத்தில் இருந்தது. இரும்புக் கேட்டுக்கு வெளியே, சுவரை ஒட்டி, சனிக்கிழமை பெயர் கொடுத்தவர்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். சிலர் சட்டையில் ரிப்பன் இன்னும் குத்தியிருந்தது, கசங்கியிருந்தது. ஒருவரும் பேசவில்லை. ஒருவன் நகத்தைக் கடித்தான். எவனோ இருமினான். தெருநாய் ஒன்று வரிசையின் நீளத்துக்கும் மோந்துகொண்டே போனது. நெட்டை முன்னால் நின்றான், பக்கத்தில் டெய்லரம்மா. நான் போய் அவன் பின்னால் நின்றுகொண்டேன்.

அக்கா கேட் ஓரத்தில் போய் நின்றாள். ஒவ்வொருவன் முகத்தையும் பார்த்தாள். நிஜமாகவே நின்று நிதானமாகப் பார்த்தாள்.

"தம்பிங்களா, சனிக்கிழமை வாசிச்சது நான்தான்" என்றாள். "அந்தப் பாட்டுல நான் சுரத்த மேல மேல ஏத்துவேன். அதுல யாருக்கும் ரத்தம் சூடாகும். கெழவனுக்கே ஆகும். இங்க பாட்டு கெடையாது. உள்ள போறதுக்கு முன்னாடி, இந்தச் சத்தமில்லாத எடத்துல நின்னு ஒரு தடவ யோசிங்க. போறவன் போங்க, கையெடுத்துக் கும்புடுறேன். பாட்டுக்காக வந்தவன் வீட்டுக்குப் போங்க. ஒருத்தனும் சிரிக்க மாட்டான், சிரிச்சா நான் பாத்துக்கறேன்."

வரிசையில் கடைசியில் நின்ற ஒருவன் நெளிந்தான். "அக்கா, ஒரே ஒரு தடவ பாடுங்களேன். உள்ள போறதுக்குத் தைரியமா இருக்கும்."

"அதுக்குத்தான் பாட மாட்டேங்கறேன்" என்றாள் அக்கா.

அவன் ரிப்பனைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு தெருமுனைக்கு நடந்தான். அவனைப் பார்த்து இன்னொருவன். நகம் கடித்தவனும் போய்விட்டான். மற்றவர்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள்.

சத்தம் கேட்டுக் கேப்டன் வெளியே வந்தார். "என்னம்மா இது? எனக்கு ஆள் சேத்துக் குடுத்துட்டு, நீங்களே கலைச்சா எப்படி?"

"சாயங்காலம் ஏத்தினவ நான். காலையில எத்தன பேர் தானா ஏறுறாங்கன்னு பாக்க வந்தேன்."

கேப்டன் வரிசையைப் பார்த்தார். தாடையைத் தடவினார். "மிச்சம் நிக்கிறவன் போதும் எனக்கு. மெட்டுக்கு வந்தவன் முதல் குண்டுலயே உக்காந்துடுவான்" என்று முணுமுணுத்துவிட்டு, கேட்டைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றார். அந்த மனுஷனை நான் அதுவரை மட்டமாக நினைத்திருந்தேன்.

முதல் ஆளாக நெட்டை நகர்ந்தான். டெய்லரம்மா அவன் கையைப் பிடித்தார்.

"அவங்க சொன்னது காதுல விழுந்துச்சுல்ல?"

"விழுந்துச்சும்மா. மேடை ஏறினது பாட்டுக்காகத்தான். அக்கா சொன்னது சரி." நெட்டை என் அக்காவைப் பார்த்துச் சிரித்தான். "நேத்து முழுக்க யோசிச்சேன். எல்லாரும் யோசிச்சு யோசிச்சு வீட்டுக்குப் போயிட்டா யார்தான் போறது? நான் போறேம்மா. இது நானா சொல்றேன்."

அந்த அம்மா அழப்போகிறார் என்று நினைத்தேன். அழவில்லை. அவன் சட்டையின் மேல்பொத்தான் நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. தன் ரவிக்கையில் குத்தியிருந்த ஊசியை எடுத்தார், நூல் கோத்தே இருந்தது. அங்கேயே, கேட்டுக்கு முன்னால், நாலு தையல் போட்டு நூலைப் பல்லால் கடித்தார். அவன் அதுவரை குனிந்து நின்றான். பிறகு உள்ளே போனான்.

அடுத்தது நான். கேட் திறந்திருந்தது. கேப்டன் என்னைப் பார்த்தார். அக்கா வேண்டுமென்றே வேறு பக்கம் பார்த்தாள். உள்ளே முற்றத்தில் நெட்டையின் செருப்புச் சத்தம் போய்க்கொண்டிருந்தது. நான் என் நெஞ்சுக்குள் தேடித் தேடிப் பார்த்தேன். சனிக்கிழமை இருந்தது ஒன்றும் அங்கே இல்லை. வரிசையை விட்டு வெளியே வந்துவிட்டேன். இதைச் சொல்ல எனக்கு அன்றைக்கும் கூச்சமில்லை, இன்றைக்கும் இல்லை. இல்லாததை இருப்பதாகச் சொல்லிக் கையெழுத்துப் போட எனக்குத் தெரியாது.

டெய்லரம்மா என்னைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார்.

"அடுத்த சனிக்கிழமையும் வாசிப்பியா?"

"வாசிப்பேன். தாள்ல இருக்கிற சுரம் மட்டும், பல்லவி ஒரே தடவ. சுருதி ஏத்த மாட்டேன்" என்றாள் அக்கா.

சொன்னபடியே செய்தாள். அடுத்த சனிக்கிழமை மண்டபத்து விளக்குகளில் பாதியை அணைக்கச் சொன்னாள், கீழே இருக்கிறவர்கள் முகம் தெரியவேண்டுமாம். பல்லவியை ஒரே தடவை வாசித்தாள். அப்படியும் எழுந்து வந்தவர்கள் இருந்தார்கள், எண்ணிக்கை குறைவு. வாசலில் தாள் விற்பனை படுத்துவிட்டது. முதலாளி குதித்தார். "தாளுலயே போட்டிருக்கே, வேண்டியமட்டும் திரும்ப வாசிக்கணும்னு!"

"எனக்கு ஒரு தடவதான் வேண்டியிருக்கு" என்றாள்.

அடுத்த மாதமே கூட்டத்துக்கு வேறொரு ஆளைக் கொண்டுவந்தார்கள். மாவு ஆட்டுகிற மாதிரி வாசிப்பான். கடைவேலையிலிருந்து மட்டும் அவளை நீக்க முதலாளிக்குத் துணிச்சல் வரவில்லை. அவள் இல்லாவிட்டால் நிலவும் ரோஜாவும்கூட விற்காது என்று அவருக்குத் தெரியும். அக்கா தலையை நிமிர்த்திக்கொண்டு கடைக்குப் போய்வந்தாள், வாயும் பழையபடி நீண்டது. டெய்லரம்மாவின் தெரு வழியாக மட்டும் போகமாட்டாள், சுற்றிக்கொண்டு போவாள்.

மறு வருஷம் நெட்டை இறந்த செய்தி வந்தது. ஆற்றைக் கடக்கும்போது என்றார்கள். உடல் கிடைக்கவில்லை.

செய்தி கேட்ட அன்று மத்தியானம் அக்கா கடையில் சொல்லிவிட்டு, என்னையும் கூட்டிக்கொண்டு டெய்லரம்மா வீட்டுக்குப் போனாள். நான் தயங்கித் தயங்கிப் பின்னால் போனேன். அவன் போன கேட்டின் முன்னாலிருந்து திரும்பி வந்தவன் நான். அந்த அம்மா முகத்தில் எப்படி விழிப்பது? அக்கா விடுவிடுவென்று நடந்தாள். "அவங்க என்ன சொன்னாலும் வாயத் தொறக்காத. நான் கேட்டுக்கறேன்" என்றாள்.

டெய்லரம்மா தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தார். யாருடைய பாவாடையோ ஊசிக்கு அடியில் பாதியில் நின்றிருந்தது. எங்களைப் பார்த்ததும் எழவில்லை.

"எல்லாரும் வந்து பாட்டு மயக்கத்துல போயிட்டான், பாவம் புள்ளன்னு சொல்றாங்க. அந்த மயக்கமா இருந்திருந்தா உன்னத் திட்டிட்டே மிச்ச நாளக் கழிச்சிருப்பேன். நீ அன்னிக்குக் காலையில வந்து நின்னு அதையும் எடுத்துட்ட. அவன் நல்லா யோசிச்சுத்தான் போனான், என் கண்ணு முன்னாடி போனான். அது எனக்குத் தெரியும். வேற யாருக்கும் தெரியாது." மெஷின் சக்கரத்தைக் கையால் ஒருமுறை சுற்றினார். "அதுக்கு உனக்கு நன்றி சொல்றதா, திட்டுறதான்னு தெரியலம்மா."

அக்கா செருப்பைக் கழற்றி வாசலில் விட்டாள். உள்ளே போய் அந்த அம்மாவின் காலடியில், துணித் துண்டுகளுக்கு நடுவில், தரையில் உட்கார்ந்தாள்.

"ரெண்டையும் சொல்லுங்க. அவசரமில்ல. நான் கடையில லீவு சொல்லிட்டுத்தான் வந்திருக்கேன்."

டெய்லரம்மா முதலில் திட்டினார்.